கேன், மே, மஸ்ட்: சின்னச் சொற்கள், பெரிய சந்தேகங்கள்

ஆங்கிலம் படிக்கும் நம் பிள்ளைகளை அதிகம் அலைக்கழிப்பவை நீளமான சொற்கள் அல்ல. நீளமான சொல்லுக்குப் பொருள் தெரியாவிட்டால் அகராதியைப் புரட்டினால் போதும். கேன், மே, மஸ்ட், வுட், டிட் என்று அரை மூச்சில் சொல்லி முடிக்கும் சின்னச் சொற்கள்தாம் தொல்லை கொடுப்பவை. அகராதியைப் பார்த்தால் ஒரே சொல்லுக்கு ஐந்தாறு பொருள் போட்டிருக்கும். எதை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிள்ளை விழிக்கும். பக்கத்தில் இருக்கும் பெற்றோரும் சேர்ந்து விழிப்பார்கள்.

தோட்டத் தமிழ்ப்பள்ளி ஆசிரியன் என்ற முறையில், இடைநிலைப் பள்ளிக்குப் போய்விட்ட பழைய மாணவர்களும், பட்டணத்துத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் இளைஞர்களும், பிள்ளைகளின் பயிற்சிப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வரும் தாய்மார்களும் என்னிடம் இதுபற்றி அடிக்கடி கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்துத் தருகிறேன். ஆங்கில எழுத்துப் பழக்கமில்லாத தாய்மார்களும் வாசித்துப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரலாம் என்பதற்காக, ஆங்கில வாக்கியங்களையும் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன்.

இவை என்ன சொற்கள்?

தமிழில் ‘போ’ என்பது வினை. ‘போக முடியும்’, ‘போகலாம்’, ‘போக வேண்டும்’, ‘போகக் கூடாது’ என்று சொல்லும்போது அந்த வினைக்குப் பின்னால் ஒரு துணை வந்து சேர்கிறது. அதுதான் துணைவினை. ஆங்கிலத்திலும் இப்படித் துணைவினைகள் உண்டு. ஆனால் அவை வினைக்கு முன்னால் நிற்கும்.

கேன், குட், மே, மைட், ஷல், ஷுட், வில், வுட், மஸ்ட் என்னும் ஒன்பதும் ஒரு குடும்பம். (இங்கே ‘குட்’ என்பது கேன் என்பதன் இறந்தகால வடிவம், நல்ல என்று பொருள்படும் சொல் அன்று.) பி, ஹேவ், டூ என்னும் மூன்றும் இன்னொரு குடும்பம். ஒன்பது பேர் குடும்பத்துக்கு மூன்று சட்டங்கள் உண்டு. இவற்றை மனப்பாடம் செய்துகொண்டால் பாதித் தவறுகள் மறைந்துவிடும்.

முதலாவது, இவற்றின் பின்னால் வரும் வினை மாறாது. ‘ஹி கேன் கோ’ என்பதே சரி. ‘ஹி கேன் கோஸ்’ தவறு.

இரண்டாவது, இடையில் ‘டு’ வராது. ‘ஷி மஸ்ட் கோ’ என்பதே சரி. ‘ஷி மஸ்ட் டு கோ’ தவறு.

மூன்றாவது, இந்தக் குடும்பத்தில் ஒருவர் வந்துவிட்டால் அதே வேலைக்கு இன்னொருவரை அழைக்கக் கூடாது. ‘ஐ கேன் ஏபிள் டு டூ’ என்று நம்மவர் பலர் பேசுகிறார்கள். கேன் என்றாலும் முடியும், ஏபிள் என்றாலும் முடியும். ‘என்னால் செய்ய முடிய முடியும்’ என்று சொன்னால் எப்படி இருக்கும்? ‘ஐ கேன் டூ இட்’ அல்லது ‘ஐ ஆம் ஏபிள் டு டூ இட்’; இரண்டில் ஒன்று போதும்.

இந்த இடத்தில் நம் பிள்ளைகளுக்கு ஒரு வசதி இருக்கிறது. தேசிய மொழியில் ‘டியா போலே பெர்கி’ என்கிறோம். துணைச்சொல் முன்னால் நிற்கிறது. பெர்கி என்ற வினை மாறவே இல்லை. ‘ஹி கேன் கோ’ என்பதும் அதே அமைப்புத்தான். ஆகவே சொற்களை வரிசைப்படுத்துவதில் பிள்ளைக்குக் குழப்பம் வந்தால் மலாய் வாக்கியத்தை நினைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

“டீச்சர், கேன் ஐ கோ அவுட்?” என்பது தவறா?

பழைய காலத்து ஆசிரியர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ‘உனக்குக் கால் இருக்கிறது, போக முடியும், ஆனால் போகலாமா என்று கேள்’ என்பார்கள். ‘மே ஐ கோ அவுட்?’ என்று சொன்ன பிறகுதான் பிள்ளை வெளியே போகும்.

தமிழில் இந்த வேறுபாடு தெளிவாக இருக்கிறது. ஆற்றலைச் சொல்ல ‘முடியும்’, அனுமதியைச் சொல்ல ‘லாம்’. ‘கேன்’ முடியும், ‘மே’ லாம். மலாயில் ‘போலே’ என்ற ஒரே சொல் இரண்டுக்கும் நிற்பதால், மலாயில் நினைத்து ஆங்கிலத்தில் பேசும் பிள்ளை எல்லாவற்றுக்கும் கேன் போட்டுவிடுகிறது. ஆகவே பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது தமிழை நினைக்க வேண்டும்.

இப்போது ஆங்கிலேயர்களே அன்றாடப் பேச்சில் அனுமதி கேட்கக் கேன் என்ற சொல்லைத் தாராளமாகப் பயன்படுத்துகிறார்கள். அதைத் தவறு என்று யாரும் சொல்வதில்லை. ஆனாலும் மேலதிகாரியிடமும், நேர்முகத் தேர்விலும், கடிதத்திலும் ‘மே ஐ’ என்பதே மரியாதை. நம் நாட்டுப் பேச்சில் வழங்கும் ‘கேன் ஆர் நாட்?’ என்பதைச் சந்தையிலும் நண்பர்களிடமும் பேசிக்கொள்ளட்டும். தாளில் எழுத வேண்டாம்.

மே என்பதற்கு இன்னொரு வேலையும் உண்டு. ‘இட் மே ரெய்ன்’ என்றால் மழை பெய்யலாம். பாருங்கள், இங்கேயும் ‘லாம்’தான்! தமிழில் அனுமதிக்கும் ஐயத்துக்கும் ஒரே விகுதி வருவதுபோலவே ஆங்கிலத்திலும் ஒரே சொல் வருகிறது. ‘இட் மைட் ரெய்ன்’ என்றால் ஐயம் இன்னும் சற்றுக் கூடுதல். ‘ஹி மே நாட் கம்’ என்றால் அவர் வராமல் இருக்கலாம். ‘ஹி கான்ட் கம்’ என்றால் அவரால் வர முடியாது. திருமண வீட்டில் சாப்பாட்டுக்கு ஆள் கணக்கு எடுப்பவருக்கு இந்த வேறுபாடு முக்கியம்!

‘வேண்டும்’ என்றாலே ‘மஸ்ட்’ தானா?

இந்தக் கட்டுரையில் வேறெதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

என்னிடம் படித்த பெண் ஒருத்தி, பட்டணத்து அலுவலகம் ஒன்றுக்கு வேலை விண்ணப்பம் எழுதினாள். அனுப்பும் முன் என்னிடம் காட்டினாள். கையெழுத்து முத்துமுத்தாக இருந்தது. கடைசி வரியில் ‘யூ மஸ்ட் கிவ் மீ திஸ் ஜாப்’ என்று எழுதியிருந்தாள். அவள் மனத்தில் இருந்தது ‘எனக்கு இந்த வேலையைத் தந்து உதவ வேண்டும்’ என்ற பணிவான தமிழ் வாக்கியம். தமிழில் ‘தர வேண்டும்’ என்பது வேண்டுகோளாகவும் இருக்கும், கட்டளையாகவும் இருக்கும். சாமி முன்னால் கைகூப்பிக்கொண்டும் ‘நீதான் காப்பாற்ற வேண்டும்’ என்கிறோம். ஆனால் ஆங்கிலத்தில் ஒருவரைப் பார்த்து ‘யூ மஸ்ட்’ என்று எழுதினால், மேசையைத் தட்டிக் கட்டளையிடுவது போலத் தோன்றும். படிக்கும் மேனேஜருக்கு அந்தப் பெண்ணின் பணிவு தெரியாது. அந்த ஒரு சொல்தான் தெரியும்.

‘ஐ வுட் பி கிரேட்ஃபுல் இஃப் யூ குட் கன்சிடர் மை அப்ளிகேஷன்’ என்று மாற்றி எழுதச் சொன்னேன். ‘என் விண்ணப்பத்தைப் பரிசீலித்தால் நன்றியுள்ளவளாக இருப்பேன்’ என்பது அதன் பொருள். வுட், குட் இரண்டும் இங்கே இறந்தகாலத்தைக் காட்டவில்லை. குரலைத் தாழ்த்தி, நயமாகக் கேட்பதைக் காட்டுகின்றன. ‘கேன் யூ ஹெல்ப் மீ?’ என்பதைவிட ‘குட் யூ ஹெல்ப் மீ?’ என்பது பணிவு. ‘ஐ வான்ட்’ என்பதைவிட ‘ஐ வுட் லைக்’ என்பது பணிவு.

ஆகவே ‘வேண்டும்’ என்பதை மொழிபெயர்க்கும் முன் எந்த வேண்டும் என்று பார்க்க வேண்டும். கட்டாயமானால் மஸ்ட் அல்லது ஹேவ் டு. அறிவுரையானால் ஷுட், ‘யூ ஷுட் ரெஸ்ட்’, நீங்கள் ஓய்வெடுப்பது நல்லது. வேண்டுகோளானால் குட் யூ, வுட் யூ. ஆசையானால் ஐ வுட் லைக்.

மஸ்ட் என்பதற்கு இறந்தகால வடிவம் கிடையாது. ‘நேற்று நான் போக வேண்டியிருந்தது’ என்பதை ‘ஐ ஹேட் டு கோ எஸ்டர்டே’ என்றுதான் சொல்ல வேண்டும்.

‘வேண்டாம்’ என்பதில் ஓர் ஆபத்து

‘சாப்பிட வேண்டாம்’ என்று தமிழில் சொன்னால் இரண்டு பொருள் கொள்ளலாம். சாப்பிடக் கூடாது என்பது ஒன்று. சாப்பிட்டே ஆகவேண்டும் என்ற கட்டாயமில்லை என்பது இன்னொன்று. ஆங்கிலத்தில் இவை வேறு வேறு. ‘யூ மஸ்ட் நாட் ஈட்’ என்றால் சாப்பிடக் கூடாது. ‘யூ டோன்ட் ஹேவ் டு ஈட்’ அல்லது ‘யூ நீட் நாட் ஈட்’ என்றால் சாப்பிடத் தேவையில்லை, சாப்பிட்டாலும் குற்றமில்லை.

வெறும் வயிற்றில் சர்க்கரைக்கு இரத்தப் பரிசோதனை எடுக்க நம் பெரியவர்களைக் கிளினிக்குக்கு அழைத்துப் போகிறோம். தாதி ‘ஹி மஸ்ட் நாட் ஈட் பிஃபோர் தி டெஸ்ட்’ என்று சொல்வதை, ‘சாப்பிட வேண்டியதில்லையாம், தாத்தா’ என்று பேரப்பிள்ளை மாற்றிச் சொன்னால் என்ன ஆகும்? தாத்தா காப்பியும் ரொட்டியும் சாப்பிட்டுவிட்டுப் போவார். பரிசோதனை முடிவு தவறாக வரும், அல்லது இன்னொரு நாள் வரச் சொல்வார்கள். தொழிற்சாலை இயந்திரங்களில் ஒட்டியிருக்கும் எச்சரிக்கைகளுக்கும் இதே கதிதான். ‘மஸ்ட் நாட்’ என்று கண்டால் ‘கூடாது’ என்றே படியுங்கள்.

வில், வுட்: எதை எங்கே?

‘ஐ வுட் கம் டுமாரோ’ என்று பலர் எழுதுகிறார்கள். வுட் என்றால் மரியாதை அதிகம் என்று எங்கோ கேட்டதன் விளைவு. நாளை நிச்சயம் வருவதானால் ‘ஐ வில் கம் டுமாரோ’ என்பதே சரி. ‘ஐ வுட் கம்’ என்று நிறுத்தினால் ‘வருவேன், ஆனால்...’ என்று இழுப்பது போலாகும். கேட்பவர் மீதிக் கதைக்குக் காத்திருப்பார். ‘ஐ வுட் கம் இஃப் ஐ ஹேட் எ கார்’, கார் இருந்தால் வருவேன், ஆனால் இல்லை. இப்படி இல்லாத ஒன்றை இருப்பதாக நினைத்துச் சொல்லும்போது வுட் வரும்.

இதே போன்ற இன்னொரு சிக்கல் குட். ‘சின்ன வயதில் எனக்கு நீந்தத் தெரியும்’ என்பதை ‘ஐ குட் ஸ்விம்’ எனலாம். அது நீடித்த ஆற்றல். ஆனால் ‘நேற்றுப் பேருந்தைப் பிடிக்க முடிந்தது’ என்று ஒரு தடவை நடந்த காரியத்தைச் சொல்லும்போது ‘ஐ வாஸ் ஏபிள் டு கேட்ச் தி பஸ்’ என்பதே சரி. முடியவில்லை என்று சொல்வதற்கு மட்டும் ‘ஐ குடன்ட் கேட்ச் தி பஸ்’ என்று தயங்காமல் சொல்லலாம்.

ஷல் என்ற சொல் செத்துவிட்டதா?

1653-ஆம் ஆண்டில் ஜான் வாலிஸ் என்ற ஆங்கிலக் கணித அறிஞர், இலத்தீன் மொழியில் ஓர் ஆங்கில இலக்கணம் எழுதினார். ஷல், வில் இரண்டுக்கும் வேறுபாடு வகுத்தவர் அவரே. ஐ, வி என்னும் தன்மைப் பெயர்களோடு ஷல் வந்தால் வெறும் எதிர்காலம், வில் வந்தால் உறுதி. மற்றவர்களோடு வந்தால் இது தலைகீழ். இந்த விதியைப் பிள்ளைகள் மறக்காமலிருக்க ஆங்கிலேயர் ஒரு பழைய வேடிக்கைக் கதை சொல்வார்கள். ஆற்றில் விழுந்த அயல்நாட்டான் ஒருவன், ‘ஐ வில் டிரவுன்! நோபடி ஷல் சேவ் மீ!’ என்று கூவினானாம். ‘நான் மூழ்கியே தீருவேன், யாரும் என்னைக் காப்பாற்றக் கூடாது’ என்று கரையில் நின்ற இலக்கணப் புலவர்கள் பொருள் கொண்டு, தொப்பியைக் கழற்றி வணக்கம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்களாம்!

இன்று இந்த விதியை யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. எல்லாருக்கும் வில் போடலாம். ‘ஷல் ஐ ஓபன் தி டோர்?’, கதவைத் திறக்கட்டுமா? ‘ஷல் வி கோ?’, போவோமா? என்னும் கேள்விகளில் ஷல் உயிரோடிருக்கிறது.

சட்டத்திலோ அது ராஜாவாகவே இருக்கிறது. மலேசிய அரசியலமைப்புச் சட்டத்தின் 152-ஆவது பிரிவு, தேசிய மொழி மலாய் என்று கூறும் இடத்தில் ஷல் என்ற சொல்லைப் பயன்படுத்துகிறது. எழுத்து வடிவத்தை நாடாளுமன்றம் சட்டத்தால் வகுக்கலாம் என்று கூறும் இடத்தில் மே வருகிறது. அதே பிரிவு, வேறு எந்த மொழியையும் கற்பதற்கோ கற்பிப்பதற்கோ எவருக்கும் தடை விதிக்கலாகாது என்று கூறும்போது மறுபடியும் ஷல் வருகிறது. சிங்கப்பூர் அரசியலமைப்புச் சட்டத்தில் மலாய், மாண்டரின், தமிழ், ஆங்கிலம் நான்கும் அதிகாரத்துவ மொழிகள் என்று கூறும் வாசகத்திலும் ஷல்தான். தமிழைக் கற்பிக்கும் நம் உரிமைக்குப் பின்னால் இந்தச் சின்னச் சொல் காவல் நிற்கிறது என்றால், இதை அலட்சியம் செய்யலாமா?

வாடகை ஒப்பந்தம், கடன் பத்திரம் ஆகியவற்றில் கையெழுத்துப் போடும் முன் இந்த இரண்டு சொற்களையும் தேடிப் பாருங்கள். ஷல் என்று இருந்தால் பெரும்பாலும் செய்தே தீரவேண்டிய கடமை. மே என்று இருந்தால் பெரும்பாலும் விருப்பம் அல்லது உரிமை.

“டிட் யூ வென்ட்?” ஏன் தவறு?

நேற்று நடந்ததைக் கேட்கிறோம், அதனால் வென்ட் என்று வரவேண்டும் அல்லவா என்று பிள்ளைகள் கேட்பார்கள். விடை நம் தமிழிலேயே இருக்கிறது. ‘அவன் போனான்’ என்பதை மறுத்துச் சொல்லுங்கள். ‘அவன் போனானில்லை’ என்றா சொல்கிறோம்? ‘போகவில்லை’ என்கிறோம். ‘போனான்’ என்பதிலிருந்த காலக்குறி கழன்று ‘போக’ ஆகிவிடுகிறது.

ஆங்கிலத்திலும் அப்படியே. ‘ஹி வென்ட்’ என்பது ‘ஹி டிட் நாட் கோ’ ஆகிறது. காலச் சுமையை டிட் தன் தோளில் வாங்கிக்கொண்டது. பிறகு கோ எதற்கு அதைச் சுமக்க வேண்டும்? டஸ் என்பதும் இப்படித்தான். ‘ஹி நோஸ்’ என்பது ‘ஹி டஸ் நாட் நோ’ ஆகும். ‘ஹி டோன்ட் நோ’ என்பதும் ‘ஹி டஸ் நாட் நோஸ்’ என்பதும் தவறு.

ஹேவ் என்றால் நம் ‘இரு’

‘மஸ்ட் ஹேவ், ஷுட் ஹேவ், குட் ஹேவ் எல்லாம் தலை சுற்றுகிறது’ என்று உயர்வகுப்பு மாணவர்கள் கேட்பதுண்டு. கீழே உள்ளதைப் படித்தால் தலைசுற்றல் நிற்கும்.

போயிருக்கிறார்: ஹி ஹேஸ் கான்.
போயிருந்தார்: ஹி ஹேட் கான்.
போயிருப்பார் (ஊகம்): ஹி மஸ்ட் ஹேவ் கான்.
போயிருக்கலாம் (ஐயம்): ஹி மே ஹேவ் கான்.
போயிருக்க வேண்டும் (ஆனால் போகவில்லை): ஹி ஷுட் ஹேவ் கான்.
போயிருக்க முடியாது: ஹி கான்ட் ஹேவ் கான்.

தமிழில் ‘இரு’ வரும் இடத்திலெல்லாம் ஆங்கிலத்தில் ஹேவ் வந்து உட்காருவதைக் கவனியுங்கள். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ‘ஹி ஹேஸ் கான் டு ஈப்போ’ என்றால் ஈப்போவுக்குப் போனவர் இன்னும் திரும்பவில்லை. ‘ஹி ஹேஸ் பீன் டு ஈப்போ’ என்றால் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்.

‘இல்லையா?’ என்பதும் ‘ஆமாம்’ என்பதும்

தமிழில் எந்த வாக்கியத்துக்குப் பின்னாலும் ‘இல்லையா?’ என்று ஒட்டிவிடலாம். மலாயிலும் ‘கான்?’ என்று ஒட்டலாம். அந்தப் பழக்கத்தில் ‘யூ ஆர் கமிங், இஸின்ட் இட்?’ என்கிறோம். ஆங்கிலத்தில் முன்னால் எந்தத் துணைவினை வந்ததோ அதுவே திரும்பி வரவேண்டும். ‘யூ ஆர் கமிங், ஆரன்ட் யூ?’ ‘ஷி கேன் சிங், கான்ட் ஷி?’ துணைவினையே இல்லாவிட்டால் டூ குடும்பத்தை அழைக்க வேண்டும்; ‘தே ஒர்க் ஹியர், டோன்ட் தே?’

பதில் சொல்வதிலும் கவனம் தேவை. ‘மருந்து சாப்பிடவில்லையா?’ என்று கேட்டால் ‘ஆமாம், சாப்பிடவில்லை’ என்பது நம் வழக்கம். ‘ஹேவன்ட் யூ டேக்கன் தி மெடிசின்?’ என்று தாதி கேட்கும்போது இதே பழக்கத்தில் ‘யெஸ்’ என்று சொன்னால், சாப்பிட்டாயிற்று என்று அவர் எழுதிக்கொள்வார். சாப்பிடாவிட்டால் ‘நோ, ஐ ஹேவன்ட்’ என்றே சொல்ல வேண்டும். கேள்வி எப்படி இருந்தாலும், காரியம் நடந்திருந்தால் யெஸ், நடக்காவிட்டால் நோ.

வீட்டிலே செய்யக்கூடியது

பெற்றோர் ஆங்கிலம் படித்திருக்க வேண்டும் என்பதில்லை. ஒரு நாளைக்கு ஒரு தமிழ் வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ‘பால் வெட்டப் போகிறேன்’, ‘போக வேண்டும்’, ‘போகலாம்’, ‘போக முடியாது’, ‘போயிருப்பார்’ என்று மாற்றி மாற்றிச் சொல்லி, ஒவ்வொன்றையும் பிள்ளையை ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லுங்கள். பிறகு அதையே மலாயிலும் சொல்லட்டும். பத்து நிமிடம் போதும். அடுப்படியில் சமைத்துக்கொண்டே செய்யலாம்.

தமிழ்ப்பள்ளியில் படித்தால் ஆங்கிலம் வராது என்று சிலர் பேசுவதை நாம் கேட்டிருக்கிறோம். மேலே கண்ட சந்தேகங்களில் பலவற்றுக்கு விளக்கம் தமிழிலிருந்தே கிடைத்தது. ‘போகவில்லை’ என்பதை அறிந்த பிள்ளைக்கு ‘டிட் நாட் கோ’ விளங்கும். ‘போயிருப்பார்’ என்பதை அறிந்த பிள்ளைக்கு ‘மஸ்ட் ஹேவ் கான்’ விளங்கும். தாய்மொழியை ஒழுங்காக அறிந்த பிள்ளை இன்னொரு மொழியின் வாசலில் வெறுங்கையோடு நிற்பதில்லை. கையில் ஒரு சாவியோடுதான் நிற்கிறது. அந்தச் சாவியை எப்படித் திருப்புவது என்று சொல்லிக் கொடுப்பது நம் கடமை.